மேகத்தில் நின்ற கப்பல்

இன்று காலை என் சின்னவன் தேவா உன் கணினியைப் பெட்டியில் வைத்துக் கட்டினான். அவனுக்கு ஜொகூருக்கு வேலை மாற்றல். சாமான் ஏற்ற லோரி மத்தியானம் வரும் என்றான். விளையாட்டில் கப்பல் ஓட்டும் அந்தப் பிடியை மட்டும் என்னிடம் கொடுத்து, "மா, இதைத் தொடைச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான். அதன் தலையில் நீ சுற்றி வைத்த பழைய புடவைத் துண்டு அப்படியே இருந்தது. அவிழ்த்ததும் உன் தைல வாடை எழுந்து வந்தது. முட்டிக்குப் போட்டாய், நெற்றிக்குப் போட்டாய், சோற்றில் ஊற்றிக்கொள்ளாததுதான் பாக்கி. துடைக்க எடுத்த துணியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் ஒரு வேலையைத் தொடங்கும் முன்னால் உடம்பு என்னிடம் அனுமதி கேட்பதில்லை, அதுவாகவே உட்கார்ந்துவிடுகிறது.

நீ போகும்போது உன் கப்பல் அந்த மேகத்துக்குள் நின்றுகொண்டிருந்தது. அது துறைக்குத் திரும்பி வந்தால்தான் நீ பார்த்த நட்சத்திரங்களில் உன் பெயர் விழும். வராவிட்டால் நீ அங்கே போகவே இல்லை என்று ஆகிவிடும். அந்தக் கவலையோடுதான் நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய். வந்ததா, வரவில்லையா என்று உனக்குச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். பாசத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு நான் வந்தபோது நீ பள்ளிச் சீருடையில் இருந்தாய். பிறகு டெலிபோன் ஆபீசில் வேலை கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸில் ரயில் சத்தம் கேட்கும் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்துகொண்டு, காதில் கருவியை மாட்டி, ஊரார் பேச்சையெல்லாம் ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். கல்யாணம் வேண்டாம் என்றாய். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னேன் என்று நீ வெளியே சொல்லியிருக்கிறாய். யாரிடம் சொன்னாய் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

உன் அண்ணன் இறந்த அன்றைக்கு நீ நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சேலை கட்டியிருந்தாய். ஆண்கள் எரித்துவிட்டுத் திரும்பி, வீடு கழுவி, விளக்கு ஏற்றியதும், டியூட்டி இருக்கிறது என்று கிளம்பினாய். கூடப் பிறந்தவனுக்காக ஒரு ராத்திரி தங்க முடியாத டியூட்டி. அதைக்கூட விட்டுவிடலாம். வாசலில் இடது கால் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்து, "அண்ணி, போயிட்டு வரேன்" என்றாய்.

துக்க வீட்டிலிருந்து யாராவது சொல்லிக்கொண்டு கிளம்புவார்களா? செருப்பை மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்து போய்க்கொண்டே இருப்பார்கள். வருகிறேன் என்று சொன்னால் அந்த வாசலுக்குத் துக்கம் மறுபடி வரும் என்பது நம் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். உனக்கு உறைக்கவே இல்லை. நாள் முழுக்க டெலிபோனில் மரியாதை பேசிப் பழகிய வாய், தானாக வந்துவிட்டது என்று பிறகு ஆள் விட்டுச் சொன்னாய்.

அடுத்த பௌர்ணமிக்குள் மோகன் போய்விட்டான். என் மூத்தவன். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனவன். ஃபெடரல் சாலை, மழை, பின்னால் ஒரு லோரி. அவனும் அன்று காலை வாசலில் நின்று "போயிட்டு வரேன்மா" என்றுதான் கிளம்பினான். சொல்ல வேண்டியவன் சொன்னான், வரவில்லை. சொல்லக்கூடாதவள் நீ சொன்னாய், வந்துவிட்டது.

அவன் காரியத்துக்கு நீ வந்தபோது நான் முகம் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு உன் வீட்டுத் தண்ணீரைத் தொட்டதில்லை. பிரிக்பீல்ட்ஸுக்குச் சேலை வாங்க வந்தாலும் உன் தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன். "மா, லோரிக்காரன் தூங்கிட்டான். அதுக்கு அத்தை என்ன பண்ணும்?" என்று தேவா எத்தனையோ தடவை கேட்டான். லோரிக்காரனை எனக்குத் தெரியாது. முகம் தெரியாத ஒருவன் மேல் எத்தனை வருஷம் கோபமாக இருக்க முடியும்? உன் முகம் தெரியும்.

சர்க்கரை வந்து உன் காலை எடுத்தார்கள். இடது கால்தான். தேவா என்னைக் கேட்காமலே உன்னைக் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து முன்னறையில் இறக்கினான். வீட்டுக்கு வந்தவளுக்குச் சோறு போட்டேன், புண் கட்டினேன், பேசவில்லை. "கஞ்சி ஆறுது" என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன். நீயும் சுவரைப் பார்த்து "சரிங்க" என்பாய். இந்த வீட்டில் இரண்டு பொம்பளைகளிடமும் மரியாதை வாங்கியது அந்தச் சுவர்தான்.

தேவா புதுக் கணினி வாங்கியபோது பழையதை உனக்கு எதிரில் வைத்து ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். வானம் முழுவதையும் உள்ளே அடைத்து வைத்திருக்கிற விளையாட்டு. சுடுகிறவர்கள் சுடுகிறார்களாம், சரக்கு ஏற்றுகிறவர்கள் ஏற்றுகிறார்களாம். நீ இரண்டையும் செய்யவில்லை. ஒரு சின்னக் கப்பலில் ஏறி, ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போய்க்கொண்டே இருந்தாய். காதில் மறுபடியும் கருவி.

எங்கள் வீட்டில் வெளிச்சம் நன்றாக விழுவது உன் மேசைப் பக்கம்தான். அதனால்தான் நெத்திலி கிள்ள நான் அங்கே உட்கார்ந்தேன், உன்னைப் பார்க்க அல்ல. ஆனால் கண்ணை எங்கே வைப்பது? நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் உரசினாற்போல் போனால் கப்பல் எண்ணெய் குடிக்கும் என்பதைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வெள்ளையிலும் மஞ்சளிலும் எண்ணெய் உண்டு. அழுக்குச் சிவப்பில் கிடையாது. ரொம்ப நெருங்கினால் பொசுங்கிவிடும், விலகினால் பட்டினி.

ஒரு நாள் நீ வழி தவறி, "இந்தப் பக்கமாவா வந்தேன்?" என்று உனக்கு நீயே முணுமுணுத்தாய். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"முந்தாநாளு ஒரு வெள்ளை. அப்புறம் மஞ்சள், பக்கத்துல வளையம் போட்ட ஒன்னு. அதுக்கப்புறம்தான் இந்த அழுக்குச் செவப்பு. திரும்பிப் போ."

மோகன் போன பிறகு நான் உன்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. நீ காதுக் கருவியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாய்.

"கடவுள் ஒங்களுக்கு மறதியைக் குடுக்க மறந்துட்டாரு அண்ணி."

"அதையும் சேத்து ஒனக்குக் குடுத்துட்டாரு."

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் நெத்திலி இல்லாமலே வந்து உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு காலையில் பசியாறி முடித்ததும் நீ கூப்பிட ஆரம்பித்தாய். "அண்ணி, வேலை முடிஞ்சா வாங்க, கெளம்பலாம்." "ஒத்தக்கால வச்சிக்கிட்டு எங்கடி கெளம்புற?" என்பேன். "அங்க தரையே இல்ல அண்ணி. ரெண்டு கால் வச்சிருக்கிறவன்தான் அங்க முழிக்கணும்" என்பாய். இன்னொரு நாள் நீயாகவே சொன்னாய்: "காலமெல்லாம் அடுத்தவங்க கொரலை லண்டனுக்கும் மெட்ராஸுக்கும் அனுப்பினேன். நான் போனது ஈப்போ வரைக்கும்தான்." நான் ஈப்போகூடப் போனதில்லை.

திரையில் வெகுதூரத்தில் ஒரு புகைத்திட்டு மாதிரி தெரிந்ததைக் காட்டி, அங்கேதான் போகப் போகிறேன் என்றாய்.

"நெபுலா. மேகம் மாதிரி அண்ணி. நட்சத்திரம் பொறக்கிற எடம்."

"பிரசவ வார்டுன்னு சொல்லு."

"ஆமா லா, அதேதான்."

எத்தனையோ வாரம் போனோம். நீ பிடியைப் பிடித்திருப்பாய், நான் நிறம் சொல்வேன். உனக்குக் கண்ணில் சர்க்கரை ஏறியிருந்தது. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் என்னைக் கேட்பாய். கடைசியில் ஒரு காலையில் கப்பல் அதற்குள் நுழைந்தது. ரோஸ் சர்பத்தில் சிராப் பண்டோங் கலக்கும்போது பாலை ஊற்றிவிட்டு இன்னும் கலக்காத நேரத்தில் கோப்பைக்குள் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. ரோஸ் நிறத்துக்குள் வெள்ளை இறங்கிக்கொண்டே இருக்கிறது, கலந்து முடியவில்லை. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். உன் கை பிடியை விட்டுத் திரையைத் தொட்டது.

"யாரு பேரும் இல்ல அண்ணி இங்க. ஒருத்தரும் வரல. நாமதான் மொதல்ல." பிறகு, "திரும்பிப் போயி ஸ்டேஷன்ல பாத்ததை ஒப்படைச்சாதான் என் பேரு விழும். நடுவுல கப்பல் போச்சுன்னா எல்லாம் போச்சு" என்றாய்.

"எதுக்குடி ஒனக்கு இந்தப் பேரு?"

"வீட்டுப் பத்திரத்துல அண்ணன் பேரு. கோயில் கல்லுல அப்பா பேரு. எனக்குப் பின்னால என் பேரைச் சொல்ல ஒரு புள்ள உண்டா? எங்கயாவது ஒரு எடத்துல இருந்துட்டுப் போகட்டுமே."

நியாயம்தான் என்று பட்டது. அந்த நேரத்தில் உன் மேல் எனக்கு இருந்தது கோபமா என்றே சரியாகத் தெரியவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்தான் கேட்டேன், கப்பலுக்கும் பேர் உண்டா என்று.

தைலத்தை எடுத்து நெற்றியில் தேய்த்தாய். பிறகு, "மோகன்" என்றாய்.

நான் என்ன கேட்டேன் என்று உனக்கு நினைவிருக்கும். "எம் புள்ளைய ஒரு தடவை அனுப்பி வச்சது போதாதா ஒனக்கு?"

"திரும்பக் கூட்டிட்டு வரத்தான் அண்ணி."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அந்த மங்கல் வெளிச்சத்திலேயே நெத்திலி கிள்ளினேன். நீ கூப்பிடவில்லை, நானும் வரவில்லை. மறுபடி சுவரோடு பேச்சு. அந்த வாரமே உனக்குக் காய்ச்சல் வந்தது. புண்ணில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். வண்டியில் ஏற்றும்போது எல்லோரும் போல நீயும் போய் வருகிறேன் என்பாய் என்று வாசலில் நின்றேன். நீ என் கையைப் பிடித்து, "கப்பல் அங்கயே நிக்குது அண்ணி" என்றாய். அவ்வளவுதான். திரும்பி வரவில்லை.

உனக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். கணினியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். மாதக்கணக்கில் அதன் மேல் தூசு தட்டினேனே தவிர, துண்டை எடுக்கவில்லை.

மாற்றல் வந்த அன்று தேவா சொன்னான்: "மா, இதை நான் எடுத்துட்டுப் போறேன். எனக்கு இனிமே விளையாட நேரம் இருக்காது. கப்பல் அங்கயே நிக்கட்டும், ஒன்னும் ஆகாது."

அங்கேயே நிற்கட்டும் என்றானே, அதுதான். மோகனின் மோட்டார் போலீஸ் நிலையத்து வளாகத்தில் வேலியோரம் நின்றது உனக்குத் தெரியாது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியும் யாருக்கும் மனம் வரவில்லை. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்ப்பேன். மழையில் நிற்கும், வெயிலில் நிற்கும். சீட்டு கிழிந்து, கொடி படர்ந்து, ஒரு நாள் பார்த்தபோது அங்கே இல்லை. யார் எடுத்துப்போனார்கள் என்று இன்றுவரை தெரியாது. அவன் பேரில் இன்னொன்றும் அப்படி நிற்க வேண்டுமா?

"எனக்கு ஓட்டச் சொல்லிக் குடு" என்றேன். தேவா சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டான்.

வேலைக்குப் போகும் முன்னால் அவன் அன்றைய வழியைப் போட்டு வைப்பான். வீட்டு வேலை முடிந்ததும் நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தாவுவேன். திரையில் வரும் இங்கிலீஷ் எழுத்து எனக்குப் புரியாது, நிறம் புரியும். முதுகு வலித்தது. பிடியைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வீங்கியது. உன் தைலத்தில் மிச்சம் இருந்ததைத்தான் போட்டேன். ராகு காலத்தில் மட்டும் கப்பலை எடுக்கவில்லை. தேவா அதற்கும் கேலி செய்தான்.

"மா, அங்க எத்தனையோ சூரியன் இருக்கு. எந்தச் சூரியனுக்கு ராகு காலம் பாக்குறீங்க?"

"நான் ஒக்காந்திருக்கிறது கிள்ளான்லடா."

ஒரு வெள்ளை நட்சத்திரத்தில் ரொம்ப நெருங்கிவிட்டேன். கப்பலுக்குள் எல்லாம் சிவப்பாகி, ஏதோ கத்தியது. கையை எடுக்கவும் தோன்றவில்லை, திருப்பவும் தோன்றவில்லை. அடுப்பில் பால் பொங்கினால் எப்படித் தூக்குவேனோ, அப்படிப் பிடியை இழுத்தேன். கண்ணாடியில் விரிசல் விட்டது, ஆனால் தப்பித்தது. அன்று முழுக்க ஒன்றும் சாப்பிட முடியவில்லை. விளையாட்டுத்தானே என்று சொல்வார்கள். அவர்கள் பிள்ளையின் பேர் அதில் இல்லை.

பிறகுதான் பெரிய சங்கடம். எங்கே தப்பு நடந்ததோ, அடுத்தடுத்து எல்லாமே அழுக்குச் சிவப்பாக வந்தன. எண்ணெய் அடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, தேவா வீட்டில் இருந்தான். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "இன்னும் ஒரு தாவல்தான் மா. கைக்கு எட்டுறது எல்லாம் செவப்பு. முடிஞ்சிச்சு."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்கு எட்டுவதில் ஒன்றைச் சுற்றி, முறத்தில் அரிசியைப் புடைத்துவிட்டதுபோல் கற்கள் பரவிக் கிடந்தன. வரும்போது இதைத் தாண்டி வந்தோம். அன்றைக்கு நீ மாங்காய் ஊறுகாய் கேட்டாய். உப்பு ஆகாது என்று நான் தரவில்லை. கோபித்துக்கொண்டு, என்னிடம் நிறம் கேட்காமலே அந்தச் சிவப்பை ஒரு சுற்றுச் சுற்றினாய். அப்போது அதற்குப் பின்னால், எங்கோ விளக்கு வைத்தாற்போல, ஒரு குட்டி மஞ்சள் எட்டிப் பார்த்தது. "பாருங்க, கேக்காமலே கண்டுபிடிச்சிட்டேன்" என்று என்னைக் குத்திக் காட்டினாய்.

"அதுக்குப் போடு" என்றேன்.

"மா, அது செவப்பு."

"ஒங்கத்தை ஊறுகா கேட்ட எடம்டா அது. பின்னால ஒன்னு இருக்கு. போடு."

போட்டான். போய்ச் சேர்ந்ததும் கப்பல் எண்ணெய் இல்லை என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. மெல்லச் சுற்றிக்கொண்டு போனோம். சிவப்பின் ஓரத்திலிருந்து அந்த மஞ்சள் வெளியே வந்தது. கப்பல் குடிக்கத் தொடங்கிய சத்தத்தில் தேவா என் தோளைப் பிடித்துக்கொண்டான். "அத்தை ஆளு லா" என்றான். ஊறுகாய் தந்திருக்கலாம் என்று நினைத்தேன். பிறகு, தந்திருந்தால் நீ சுற்றியிருக்கமாட்டாய் என்றும் நினைத்தேன்.

முந்தாநாள் மத்தியானம் துறைக்கு வந்து சேர்ந்தோம். பெரிய சக்கரம் மாதிரி சுற்றுகிறது, நடுவில் வாசல். கப்பல் தானாகவே இறங்கிக்கொள்ளும், கையை எடுக்கலாம் என்று தேவா சொன்னான். நான் எடுக்கவில்லை. விரிசல் விட்ட கண்ணாடியும் கரி பிடித்த மூக்குமாக, அது மெல்ல இறங்கி உட்கார்ந்தது. சத்தம் எல்லாம் அடங்கியது. மோகன் வீட்டுக்குள் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தும்போது இப்படித்தான் சட்டென்று அமைதியாகும். "வந்துட்டியாப்பா" என்றேன். தேவா காதில் விழாதவன்போல் இருந்தான். நல்ல பிள்ளை.

ஆனால் வேலை முடியவில்லை. திரையில் ஒரு பொத்தான் வந்தது. "இதை அழுத்துனா அத்தை பேரு விழுந்துரும் மா. நீங்களே அழுத்துங்க" என்றான்.

நான் வந்தது என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக. அவன் வந்துவிட்டான். உனக்குப் பெயர் வாங்கித் தர நான் இத்தனை தூரம் வரவில்லை. அந்த நீலச் சேலையும் செருப்பும் வாசலும் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. இத்தனை வருஷம் நான் அவற்றைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறேன், மங்க விட்டதே இல்லை. "இரு, தண்ணி கலக்கிட்டு வரேன்" என்று எழுந்து போனேன். தேநீர் கலக்கினேன். தேவாவுக்கு ஒரு கோப்பை, எனக்கு ஒன்று. சமையலறையிலேயே நின்று பாதி குடித்தேன்.

அன்று திரையைத் தொட்ட உன் கைதான் நினைவுக்கு வந்தது. மன்னிப்பு வேறு. நீ பார்த்தது நீ பார்த்ததுதான். அந்த மேகத்துக்குள் முதலில் போனவள் நீ, அதற்கு நானே சாட்சி. நடந்ததை நடக்கவில்லை என்று சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. உன் விஷயத்தில் நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. கெட்டதை மட்டும் நினைவில் வைத்து நல்லதை விழுங்கினால், பிறகு என் ஞாபகத்துக்கு என்ன மரியாதை?

போய் அழுத்தினேன். உன் பெயர் விழுந்தது. தேவா வாய்விட்டுப் படித்தான். ஒரு நட்சத்திரம், அடுத்தது, அடுத்தது. போதும் என்று நான் சொல்லும்வரை படித்தான். இனி யார் அந்த மேகத்துக்குள் போனாலும், அமெரிக்காக்காரனோ சீனனோ, முதலில் உன் பெயரைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம்.

லோரி வந்துவிட்டது. தேவா கீழே இறங்கும் சத்தம் கேட்கிறது. உன் புடவைத் துண்டைத் துவைக்காமல் வைத்துக்கொண்டேன். பிடியை மட்டும் துடைத்துக் கொடுப்பேன். அந்தக் கப்பலை இனி வெளியே எடுக்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். சரி என்றான்.

உன் மேல் இருக்கிற கோபம் போய்விட்டதா என்று கேட்பாய். போகவில்லை. என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் வயதாகிவிட்டது, முன்பு மாதிரி நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை. சில நாள் மத்தியானத்தில் அதைப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, உன் நாற்காலியில் சாய்ந்துகொள்கிறேன். எழும்போது மறக்காமல் எடுத்துக்கொள்கிறேன்.